நான் எழுதாத மனு

புதுக் கம்ப்யூட்டர் என்னிடம் முதலில் கேட்டது என் முகத்தை.

மாசி கடைசியோ பங்குனி தொடக்கமோ, சரியாக நினைவில்லை. மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரத் தொடங்கியிருந்த நேரம். அன்று அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அட்டைப்பெட்டி வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் மூக்கில் ஏறின. என் மேசையில் பழைய கம்ப்யூட்டர் இல்லை. கையை நீட்டித் தடவினேன். மெல்லிசாக, தட்டையாக, சில்லென்று ஏதோ ஒன்று நின்றது.

"உக்காருங்க சார், ஆன் பண்றேன்" என்றார் குமரேசன். பாண்டியிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக். ஐம்பதை நெருங்கிய குரல்.

ஒரு பெண் ஆங்கிலத்தில் வரவேற்றாள். தேன் தடவிய குரல். அடுத்த வாக்கியத்திலேயே, கேமராவை நேராகப் பார்க்கும்படி சொன்னாள்.

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். முகம் தெரியவில்லை என்றாள். குமரேசன் என் தலையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். மறுபடியும் தெரியவில்லை என்றாள்.

"கண்ண நல்லா தொறந்து பாருங்க சார்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். என் தலையிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"விடுங்க. அது என்னைப் பாக்கல, நானும் அதைப் பாக்கல. சரியாப் போச்சு" என்றேன். பக்கத்து மேசையில் நூர்ஜகான் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. குமரேசனும் சிரித்தார். முகத்துக்குப் பதிலாக நான்கு எண் போட்டு உள்ளே போகிற மாதிரி அமைத்துக் கொடுத்தார்.

இவ்வளவு நல்லபடியாகத் தொடங்கிய காரியம் பதினோரு வேலைநாளில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பெருசு

இந்தத் தொடரில் சென்ற வாரம் என்னைப் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் விட்டிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி. ஆறு வயதில் அம்மை போட்டு எனக்கு இரண்டு கண்ணும் போயின. அந்தப் பள்ளியில்தான் தட்டச்சு கற்றேன். தமிழ் டைப்ரைட்டர் மிஷினில் எந்த எழுத்து எந்த விரலுக்கு என்பது, என் பெயர் அந்தோணிசாமி என்பதைப் போல எனக்குள் பதிந்துபோனது.

அந்த விரல்கள்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தன. இருபது வருடத்துக்கு மேலாக உப்பு உற்பத்தியாளர் சங்க அலுவலகத்தில் தட்டச்சர். சங்கத்துக் கடிதங்கள், அறிவிப்புகள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கேட்கும் மனுக்கள் எல்லாம் என் கையால்தான் போகும்.

டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை என் பள்ளித் தோழன் ஜோசப் சென்னையிலிருந்து வந்து போட்டுக் கொடுத்தான். அவனுக்கும் பார்வை கிடையாது. இந்த வேலையையே தொழிலாக எடுத்துக்கொண்டவன்.

அந்தக் குரல் ஆண் குரல். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். 'ழ' வராது. 'திரு.' என்று எழுதினால் 'திரு புள்ளி' என்று படிக்கும். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட, அது ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வரும். தப்பாகத் தட்டினால் அந்த நொடியே தெரிந்துவிடும்.

வருடங்கள் போகப் போக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் மற்றவர்களுக்கு அது கொசு ரீங்காரம் போலத்தான் கேட்டது. அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இது என்ன பாஷை என்று கேட்பார்கள். நூர்ஜகான்தான் அதற்குப் 'பெருசு' என்று பேர் வைத்தாள். 'அண்ணா, பெருசு இன்னைக்கு ரொம்ப கத்துது' என்பாள்.

நூர்ஜகானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூனிமேட்டுப் பெண். முப்பது வயதுக்குள். அலுவலகத்தில் எழுத்தர். வயதான அம்மாவோடு இருக்கிறாள். காலையும் மாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்தான். பிரின்டர் அவள் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அடித்த தாள்களை எடுத்துச் சங்கச் செயலாளரிடம் கொடுப்பது அவள்.

பெருசுக்கு வயதாகிவிட்டது என்று செயலாளர்தான் முடிவு செய்தார். பழைய சிஸ்டத்தில் அரசாங்கத்தின் பக்கங்கள் எதுவும் திறப்பதில்லை, பாதுகாப்பும் இல்லை என்றார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. ஒரு கடிதத்தைச் சேமிக்கவே அது பெருமூச்சு விட்டு நிற்கும்.

இடம் மாறிய கதவுகள்

குமரேசன் போன பிறகு கையைத் தட்டச்சுப் பலகையில் வைத்தேன்.

கண் தெரிகிறவர்களுக்கு இது புரிய வேண்டும் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கம்ப்யூட்டர் என்பது எண்ணிக்கை. நான்கு தடவை கீழே, ஒரு தடவை வலப்பக்கம், என் கடிதங்கள். ஆறு தடவை கீழே, பிரின்டர். வீட்டில் நான் கைத்தடி இல்லாமல் நடப்பது போல அதற்குள் நடந்துகொண்டிருந்தேன்.

புது சிஸ்டத்தில் நான்கு தடவை கீழே போனால் விளையாட்டுக் கடை வந்தது. இன்னும் கீழே போனால் எந்த ஊரிலோ மழை என்றது. நடுவில் திடீரென்று அப்டேட் என்று சொல்லித் தானாக அணைந்து, தானாக எழுந்து வரும். எழுந்து வரும்போது முந்தின நாள் நான் கண்டுபிடித்து வைத்த வழி வேறு எங்கோ போயிருக்கும்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று இருந்தது.

அந்தத் தேன் குரலுக்குத் தமிழ் தெரியாது. தெரியாது என்றும் சொல்லாது. ஆங்கிலம் வந்தால் அழகாகப் படிக்கும். தமிழ் எழுத்து வந்தால் வாயைத் திறக்காது. பக்கம் பக்கமாகத் தமிழ் இருந்தாலும் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி தாண்டிப் போய்விடும்.

குமரேசனுக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. தமிழ்க் கீபோர்டு போட்டிருக்கிறேன் சார், குரல் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், வேலை அதிகம், அடுத்த வாரம் வருகிறேன் என்றார். டைப்ரைட்டர் கீபோர்டுதானே என்று கேட்டேன். தமிழ்க் கீபோர்டுதான் சார் என்று மறுபடியும் சொன்னார். நான் கேட்டதும் அவர் சொன்னதும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

செயலாளரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒருமுறை யாரிடமோ, இந்த அலுவலக வேலையை ஓர் ஆளே பார்த்துவிடலாம் என்று அவர் போனில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அவர் எதைப் பற்றிச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஓர் ஆள் நான் இல்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

என் மனைவி பிலோமினாவிடம் அன்று சாப்பிடும்போது சொன்னேன். "நூர்ஜகான படிச்சுக் காட்டச் சொல்றதுதான?" என்றாள். எவ்வளவு எளிய யோசனை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

விட்டுப்போன ஒரு வரி

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

விடுதியில் இருந்தபோது எனக்கு வீட்டிலிருந்து கடிதம் வரும். காவலாளிதான் படித்துக் காட்டுவார். பெரிய மனது உள்ள மனிதர். ஒரு சட்டையைப் பிழிந்து காயப்போடுவதைக்கூட எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர்.

வீட்டில் ஓர் ஆடு இருந்தது. நான் தொட்டு வளர்த்தது. ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி எழுதும்படி அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஒரு கடிதத்தில் அந்த வரி இல்லை. ஆட்டைப் பற்றி ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். இல்லை தம்பி, மறந்துபோயிருப்பாங்க என்றார்.

விடுமுறைக்குப் போனபோதுதான் ஆடு செத்துப்போன விஷயம் தெரிந்தது. அக்கா எழுதித்தான் இருக்கிறாள். அவர் அதை விட்டுவிட்டுப் படித்திருக்கிறார்.

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் எல்லாரும் அழுது முடித்த பிறகு நான் மட்டும் தனியாக அழ வேண்டியிருந்தது. பெருசு வந்த பிறகுதான் என் கடிதத்தை முழுதாக, ஒரு வரி விடாமல் நானே படித்தேன். மறுபடியும் ஒருத்தர் வாயைப் பார்த்து உட்கார எனக்கு மனம் இல்லை.

அதனால் என் விரல்களை நம்புவது என்று முடிவு செய்தேன். முப்பது வருடப் பழக்கம். குரல் இல்லாவிட்டால் என்ன, விரலுக்கு எழுத்து தெரியாதா?

காசியம்மா சொன்னது

புது சிஸ்டம் வந்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காசியம்மா வந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களில் மூத்தவர். பேச்சில் வல்லவர். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி உப்பளத்தைப் பார்க்க வருகிறார், பெண்கள் சார்பில் ஒரு மனு வேண்டும் என்றார்.

"என்ன எழுதணும், சொல்லுங்கம்மா."

"நெழலுக்கு ஒரு கொட்டாய் வேணும் சார். குடிக்க தண்ணி வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். கூட வந்த பெண்களின் வளையல் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ இடித்திருக்க வேண்டும். "அவ்ளோதான் சார்" என்றார்.

ஏதோ சொல்ல வந்து விழுங்கியது போல இருந்தது. நான் கேட்கவில்லை. எனக்குள் மனுவின் முதல் வாக்கியம் அதற்குள் உருவாகிவிட்டிருந்தது.

நன்றாக எழுத வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. பத்திரிகை ஆசிரியருக்கு அது தெரிந்துதான் இந்தத் தொடரே வந்துகொண்டிருக்கிறது. 'சுட்டெரிக்கும் கதிரவனின் கீழ் வெண்மணிகளைக் குவிக்கும் எங்கள் கரங்கள்' என்று தொடங்கினேன். நிழலைப் பற்றி ஒரு பத்தி. தண்ணீரைப் பற்றி ஒரு பத்தி. ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லாத கம்ப்யூட்டரில் தட்டினேன். ஜன்னல் வழியாக உப்பை இழுக்கும் பலகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

முடித்துப் பிரின்ட் கொடுத்தேன். தாள் வெளியே வரும் ஓசை கேட்டது.

"பாத்தியாம்மா நூர்ஜகான், பெருசு இல்லாமலே முடிச்சிட்டேன்" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் பக்கம் வந்த அவள் காலடிச் சத்தம் பாதியில் நின்றது. பிறகு, "ஆமாண்ணா. நான் எடுத்து வெச்சிடுறேன்" என்றாள்.

பந்தலில்

அதிகாரி வந்தது அடுத்த வாரம். அலுவலக வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். ஈரப் புடவையின் வாசனையும், உப்புத் தண்ணீரில் ஊறிய கால்களுக்குத் தடவும் தேங்காயெண்ணெய் வாசனையும் பந்தல் முழுக்க இருந்தன.

அதிகாரி இளம் வயது. குரலில் அவசரம் இல்லை. காசியம்மா மனுவைக் கொடுத்ததும் அதை மடித்துப் பையில் வைக்காமல், "நான் சத்தமா படிக்கிறேன். தப்பு இருந்தா நீங்க சொல்லணும்" என்றார்.

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதிரவனுக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

அவர் படித்தார்:

'நாங்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. உப்பளம் வெட்டவெளி. மறைவுக்கு ஒரு செடி இல்லை. ஆண்கள் வரப்பில் போவார்கள், நாங்கள் போக முடியாது. மாலை வீட்டுக்கு வரும் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறோம். எங்களில் பல பேருக்கு நீர்க்கடுப்பு. மாதவிலக்கு நாட்களில் உப்புத் தண்ணீரில் நின்றால் உள்தொடை புண்ணாகி எரிகிறது. அந்த நாட்களில் துணி மாற்றவும் இடம் இல்லை. தண்ணீர் கொடுத்தால் மட்டும் போதாது. முதலில் ஒரு கழிப்பறை வேண்டும். பிறகு நிழல் வேண்டும்.'

அவ்வளவுதான் மனு. அரைப் பக்கம்கூட இராது. நடுவில் ஓர் இடத்தில் அதிகாரியின் குரல் தாழ்ந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை, எதையும் விடவும் இல்லை.

அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

முதலில் வேறு யாருடைய மனுவோ என்று நினைத்தேன். ஆனால் காசியம்மா கொடுத்தது அந்த ஒரு தாள்தான்.

"இதெல்லாம் உண்மைதானாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"உண்மைதாங்க" என்றார் காசியம்மா. "இவ்ளோ வருசமா யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்பதான் காயிதத்துல வந்துக்குது."

இதை எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். செயலாளர் என் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினார். எங்க அந்தோணிதான் சார், கண் தெரியாது, ஆனா இந்த அலுவலகத்துக்கே இவர்தான் கை என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. ஒரு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த மனிதர்.

அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்கள் கை தட்டினார்கள்.

நான் எழுதவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. என் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடுத்த கேள்வி, நீங்கள் எழுதியது எங்கே என்பதாக இருந்திருக்கும். அதற்குப் பதில் எனக்கே தெரியாது. தலையை ஆட்டிவிட்டு நின்றேன். இந்தத் தொடரில் நான் வெட்கப்பட்டு எழுதும் இடங்களில் இதுவும் ஒன்று.

நூர்ஜகான்

எல்லாரும் போன பிறகு நூர்ஜகானைக் கேட்டேன்.

"என் மனு என்னாச்சு?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அது படிக்கிற மாதிரி வரலண்ணா. ஒரு வார்த்தைகூட. நீங்க டைப்ரைட்டர் மாதிரி அடிச்சீங்க. அதுல போட்டிருக்கறது எங்க மாதிரி ஆளுங்க அடிக்கிற கீபோர்டு. எல்லா எழுத்தும் மாறி மாறி விழுந்திருச்சு."

"அன்னைக்கு மட்டுமா?"

மேசைமேல் இருந்த தாள்களை அவள் அடுக்கும் ஓசை கேட்டது.

"நூர்ஜகான், எத்தனை நாளா?"

"கம்ப்யூட்டர் வந்ததிலேர்ந்து" என்றாள்.

பதினோரு நாள். நான் அடித்த ஒவ்வொரு தாளும் குப்பை. அலுவலகக் கடிதங்களை ஃபைலைப் பார்த்து அவளே திரும்ப அடித்திருக்கிறாள், நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு. மனுவுக்கு ஃபைல் கிடையாது. அதனால் மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உப்பளத்துக்கே நடந்துபோய்க் காசியம்மாவிடம், என்ன எழுதணும் என்று புதிதாகக் கேட்டிருக்கிறாள். காசியம்மா என்னிடம் விழுங்கியதை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றும் முழுதாக விளக்க முடியாது. இத்தனைக்கும் அவள் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "என்னை எல்லாரும் சேர்ந்து குழந்தையாக்கிட்டீங்களா?"

"முதல்ல நீங்க பழகிடுவீங்கன்னு நெனச்சேன். மனு அன்னைக்கு சொல்லத்தாண்ணா எழுந்து வந்தேன். கையில அந்தத் தாளோட வந்தேன். அப்பதான் நீங்க சிரிச்சுகிட்டு, பெருசு இல்லாமலே முடிச்சிட்டேன்னு சொன்னீங்க. எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுச்சு. தப்புதான்."

அவள் அழவில்லை. இத்தனை நாளாக அவள் தன் வழக்கமான பஸ்ஸைப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அவள் அம்மா சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் அவளை எதிர்பார்த்துக் காத்திருப்பவர். என் பெருமைக்கு ஆன செலவை அந்த அம்மாவும் சேர்ந்து சுமந்திருக்கிறார்.

அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள்தான் கேட்டேன். ஒரு நாள் தாமதம்.

செயலாளர் கதவைச் சாத்தினார்

மறுநாள் காலை நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன். மனுவை எழுதியது நான் இல்லை, நூர்ஜகான் என்றேன். புது சிஸ்டம் எனக்குப் பேசவில்லை, பதினோரு நாளாக நான் ஒரு வேலையும் செய்யவில்லை என்றேன். சொல்லி முடித்ததும் வேலை போனால் போகட்டும் என்று ஒரு துணிச்சல் வந்தது.

அவர் எழுந்தார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏம்பா முதல்லயே சொல்லல?"

"பயம் சார்."

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எனக்கே அதுல மெயில் தொறக்கத் தெரியல. எங்க அழுத்தினாலும் வேற எங்கயோ போவுது. நூர்ஜகான்தான் காலையில பிரின்ட் எடுத்து டேபிள்ல வெக்குது. யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு நானும் சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு ஒரே பெண்ணின் முதுகில் ஏறியிருக்கிறோம்.

ஓர் ஆளே போதும் என்று போனில் சொன்னது என்னைப் பற்றியா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

குமரேசன் அன்று மத்தியானமே வந்தார். சென்னையில் இருக்கும் ஜோசப்பைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். பார்வையில்லாத ஜோசப் அங்கிருந்து வழி சொல்ல, பார்வையுள்ள குமரேசன் இங்கே அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் ஜோசப், சார் மவுஸை விட்டுட்டுக் கையை மடியில வையுங்க, இனிமே கீபோர்டு மட்டும்தான் என்றான். குமரேசன் திணறினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கம் அமைதியாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு முயற்சி பண்ணிப் பார்க்கிறார் என்று நூர்ஜகான் என் காதோரம் சொன்னாள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருந்திருக்கிறார்.

"சார், ஒண்ணுமே புரியல சார்" என்றார் பிறகு. "நான் பாட்டுக்கு எல்லாம் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

நான்கு மணிவாக்கில் தமிழ்க் குரல் வந்தது. பழைய பெருசு இல்லை. வேறு குரல். கொஞ்சம் இளசு. 'ழ' கூடச் சரியாக வந்தது. டைப்ரைட்டர் கீபோர்டும் வந்தது. 'அ' தட்டினேன். 'அ' என்றது. அந்த ஓர் எழுத்தைப் பத்துப் பன்னிரண்டு தடவை தட்டியிருப்பேன்.

நான் முதலில் திறந்து படித்தது என் பழைய மனுவை. எழுத்தெல்லாம் மாறிக் கிடந்ததை அந்தக் குரல் உண்மையாக, ஒன்று விடாமல் படித்தது. எந்த ஊர்ப் பாஷையும் இல்லாத ஒரு பாஷை. நூர்ஜகான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு அவள் எழுதிய மனுவைத் திறந்தேன். தனியாகக் கேட்க வேண்டும் போலிருந்ததால் இயர்போனை மாட்டிக்கொண்டேன். மூன்று தடவை கேட்டேன். என் மனு ஒழுங்காக அச்சாகியிருந்தால் அதிகாரியின் பையில் போய்ப் பத்தோடு பதினொன்றாகத்தான் கிடந்திருக்கும். இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் நாளாயிற்று.

காசியம்மா மறுபடியும் வந்தார்

கழிப்பறை வந்தது. சீக்கிரம் வரவில்லை. வெயில் காலம் முடிந்து, மழையில் உப்பளமெல்லாம் தண்ணீராகி, அடுத்த பருவம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரமாக இரண்டு கழிப்பறையும் ஒரு தகரக் கொட்டகையும் கட்டினார்கள். எல்லாப் பாத்திக்கும் அது பக்கம் இல்லை. தூரத்துப் பாத்திகளில் வேலை செய்கிறவர்கள் இன்னும் தண்ணீர் குடிக்காமல்தான் இருக்கிறார்கள்.

அதைச் சொல்லத்தான் காசியம்மா மறுபடியும் வந்தார். கூட நான்கைந்து பெண்கள். காலை பதினொரு மணி இருக்கும்.

முதலில் அவரிடம் அந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "போன மனு நான் எழுதினது இல்லம்மா. நூர்ஜகான் எழுதினது. அன்னைக்குப் பந்தல்ல நான் சொல்லியிருக்கணும்."

"அது எங்களுக்குத் தெரியும் சார்" என்றார் காசியம்மா. "அந்தப் பொண்ணு அளத்துக்கு வந்துதான எழுதிக்கினு போச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு நாங்களும் கை தட்டிட்டு வந்துட்டோம்."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

"இப்ப என்ன எழுதணும்?" என்றேன்.

"உள்ள இருக்கற பாத்திங்களுக்கும் வேணும் சார்" என்று ஆரம்பித்தார். பிறகு வளையல் சத்தம். பிறகு பேச்சு நின்றது. எனக்கு இப்போது அந்த அமைதியை அடையாளம் தெரிந்தது.

"நூர்ஜகான், நீ கேட்டு எழுதிக்கம்மா. நான் அப்புறம் வந்து அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்தேன்.

வாசலைத் தாண்டும்போதே பின்னால் அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் காசியம்மா, பிறகு இதுவரை நான் குரலே கேட்டிராத இன்னொரு பெண், பிறகு எல்லாரும் சேர்ந்து. நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சென்னை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு டீ குடித்து முடித்தேன். யாரும் கூப்பிடவில்லை.

கடைக்காரர், உள்ளே என்ன சார் இவ்வளவு நேரம் என்று கேட்டார். பேசிக்கிட்டிருக்காங்க என்றேன்.

இன்னொரு டீ சொன்னேன்.